கடுகு அறைக்கு டைமர் வாங்கப் போனவனுக்கு

என் அன்புள்ள பெருமாள்,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ உயிரோடு இருந்த காலத்தில் உனக்கு எழுதியதெல்லாம் துண்டுக் கடதாசிகள்தான். 'பதினாறாம் தட்டுக்குத் தண்ணீர் வேண்டாம்.' 'நாளைக்கு ஏழு மணிக்கே வா.' 'சாவியை அலுமாரியில் வை.' ஒன்றிலாவது அன்புள்ள என்று தொடங்கிய ஞாபகம் இல்லை. செத்தவர்மேல் அன்பு காட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, திருப்பிக் கேள்வி வராது.

இதை நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். ஆனால் வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்லவேண்டி இருக்கிறது. பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வது உனக்குப் புதிதில்லை.

நீ கண்டி மஹய்யாவவில், இந்தியாவில் இருந்து கொண்டுவந்த துப்புரவுத் தொழிலாளரின் குடியிருப்பில் பிறந்தவன். உன் அப்பா கண்டி நகரத்தின் தெருக்களைக் கூட்டியவர். நீ பல்கலைக்கழகத்துத் தாவர ஆய்வுகூடத்தில் கூலியாளாகச் சேர்ந்து உதவியாளனாக உயர்ந்தாய். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்து, அங்கேயே விரிவுரையாளனாக ஒட்டிக்கொண்டவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆட்கள் இருந்தால் நீ என்னை சார் என்பாய், இல்லாவிட்டால் மச்சான் என்பாய். எங்கள் ஊரில் உங்கள் ஆட்களைக் கேவலமாகச் சொல்ல ஒரு சொல் உண்டு. அதை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மனதால் சொல்லாத நாளும் இல்லை.

தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவர வருஷத்தில் நான் இறுதியாண்டு மாணவன். நீ வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விடுதியில் தனியாக அகப்பட்டுக் கிடந்த என்னைத் தேடி வந்து, உன் சட்டையைப் போடச் சொல்லி, குறுக்கு வழியால் அகதிகளைச் சேர்த்து வைத்திருந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனாய். பாலத்தடியில் பொல்லுகளோடு நின்றவர்கள் மறித்தார்கள். என் சிங்களம் வாயைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும். உன் சிங்களமோ அவர்களுடையதைவிடச் சுத்தம். இது என் அண்ணன், பிறவி ஊமை என்று சொன்னாய். அவர்களில் ஒருவன் என் கன்னத்தில் அறைந்து பார்த்தான். நான் சத்தம் போடவில்லை. நீ என் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனாய். நீ சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை வாசிப்பவர்கள் வாசிக்கட்டும்.

இனிக் கடுகுக்கு வருகிறேன். சமையலுக்குத் தாளிக்கிற கடுகு இல்லை, வெள்ளைக் கடுகு. விதை வெளிநாட்டில் இருந்து வந்தது. அந்தச் செடிக்கு ஒரு விசித்திரமான குணம். ஒருநாளைக்கு எட்டு மணிநேர வெளிச்சம் மட்டும் கொடுத்து வளர்த்தால் அது பூக்காது, மாதக் கணக்கில் இலையாகவே விட்டுக்கொண்டு கிடக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் வெளிச்சத்தை நீட்டிப் பதினெட்டு மணிநேரம் கொடுத்துவிட்டால் போதும். இலை அந்த நீண்ட பகலை அறிந்து தண்டின் நுனிக்குச் செய்தி அனுப்பும். நுனியில் அதுவரை பேசாமல் கிடந்த மரபணுக்கள் ஒவ்வொன்றாக விழிக்கும். மறுநாளில் இருந்து பழையபடி எட்டு மணிநேரம் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை, அது பூக்கப் போகிறது என்று முடிவாகிவிட்டது.

மரபணு செடியின் எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. ஆனால் சும்மா இருந்தால் அதனால் ஒரு காரியமும் ஆகாது. கலம் அதை வாசித்து, அதன்படி செய்தியை எழுதவேண்டும். எந்த மரபணு முதலில் வாசிக்கப்படுகிறது, எத்தனையாவது மணியில் என்பதுதான் என் கலாநிதிப் பட்டத்துக்கான கேள்வி. நீண்ட பகலைக் கொடுத்த நாளில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் நுனியை வெட்டி, புகை பறக்கிற திரவ நைதரசனில் போட்டு உறையவைத்து, எந்தச் செய்தி எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கவேண்டும். இதை நான் உனக்கு ஒருதரம் விளக்கிய போது நீ கேட்டுவிட்டுச் சொன்னாய், "இதுக்கு ஒருக்கா சொன்னா போதும் போல மச்சான். மனுசனுக்குத்தான் நூறு தரம் சொல்லணும்."

வளர்த்தது நீ. எத்தனை தடவை விதைத்தாலும் உன் தட்டுகளில் எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே எண்ணிக்கை இலை. நான் விதைத்தவை பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்று ஓடும், ஒன்று குந்தியிருக்கும். நுனியை வெட்டுவதிலும் உன் கைதான் கை. குண்டூசித் தலையளவு இருக்கும் அது. உருப்பெருக்கிக்குக் கீழே சவர அலகை வைத்து நீ எடுத்தால் பக்கத்து இலைக்குக் காயம் படாது. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

சண்டைக் காலம். இரவில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஆய்வுகூடத்துக்கு வந்துபோக முடியாது. அதனால் செடிகளின் பொழுதை மாற்றி வைத்தோம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் அதிகாலை இரண்டு மணிக்குச் சூரியன் உதிக்கும், காலை பத்து மணிக்கு அஸ்தமிக்கும். நீண்ட பகல் கொடுக்கிற நாளில் பத்துக்குப் பிறகும் விளக்கை விட்டுவிட்டால், வெட்ட வேண்டிய நேரமெல்லாம் எங்கள் பகலிலேயே வந்துவிடும். இது என்னுடைய யோசனை என்று ஆய்வேட்டில் எழுதினேன். உன்னுடையது. இரண்டு மணிக்கு விளக்கைப் போடுவதற்கு ஒரு டைமர் இருந்தது.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது, அதை எங்கேயும் எழுதவில்லை. வெளியே போகிற வேலையெல்லாம் உனக்கு. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், உன்னுடையதில் கண்டி. சாவடியில் உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். என்னை இறக்கிவிட்டு ஒரு மணிநேரம் நிறுத்துவார்கள். ஆகவே நைதரசன் எடுத்துவர நீ, பார்சல் அனுப்ப நீ, வயர் வாங்க நீ. இதை நாங்கள் பேசித் தீர்மானிக்கவில்லை. அதுவாக அமைந்தது. எனக்கு வசதியானவை எல்லாம் அதுவாகத்தான் அமையும்.

அந்தத் தட்டுகளுக்கு இரண்டு மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது மின்வெட்டு வந்து, திரும்ப மின்சாரம் வந்த வேகத்தில் டைமர் கருகிப்போனது. இரண்டு இரவு நீ சாக்கு விரித்து ஆய்வுகூடத்தில் படுத்து இரண்டு மணிக்கு எழும்பி விளக்கைப் போட்டாய். மூன்றாம் நாள் உன் மகள் நிர்மலாவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வீட்டில் நிற்கவேண்டும் என்றாய். எனக்கு எரிச்சல். "அப்ப பின்னேரத்துக்குள்ள டவுனுக்குப் போய் ஒரு டைமர் வாங்கிக்கொண்டு வா. ரெண்டா வாங்கு, ஒண்டு கையில இருக்கட்டும்" என்றேன். நகரத்தில் குண்டு வெடித்து அதிக நாள் ஆகவில்லை. இந்த நேரத்தில் டைமரா என்று கேட்டாய். உன்னை ஆர் பிடிக்கப் போறான் என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். நீ ஏன் சிரித்தாய் பெருமாள்? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே.

காசிம் நானாவின் மின்சாதனக் கடையில்தான் வழக்கமாக வாங்குவாய். அங்கே இரண்டு டைமர், ஐந்து கஜம் வயர் வாங்கிக்கொண்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்தாய். அங்கே பையைத் திறந்து பார்த்தார்கள். பையில் உன் கொப்பியும் இருந்தது. நீ தமிழில் எழுதி வைத்த நேரங்கள், எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, எத்தனையாவது தட்டு, இன்னும் எத்தனை நாள். தமிழன் ஒருவன், டைமர் இரண்டு, வயர், நாள் குறித்த கொப்பி. கண்டியில் பிறந்திருந்தால் என்ன, கதிர்காமத்தில் பிறந்திருந்தால் என்ன.

அன்றிரவு நீ வரவில்லை. நான்தான் ஆய்வுகூடத்தில் இருந்து இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டேன். எங்கேயோ குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறாய் என்று நினைத்தேன். நீ குடிக்கிறவன்தான், சம்பள நாளில் உன்னை நம்ப முடியாது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு நான் உன்னைத் திட்டிய திட்டுக்களை உன் ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் திட்டினேன்.

காலை ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். நீ வேலைத்தலத்தின் பெயரைச் சொல்லியிருந்தாய், டைமர் செடிகளுக்கு என்றும் சொல்லியிருந்தாய். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி அவர் நின்றுகொண்டே கேட்டார். முதல் கேள்வி பிறந்த இடம். யாழ்ப்பாணம் என்றேன். பிறகு அவர் அவசரப்படவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார். பெருமாள் என்கிறவனை டைமர் வாங்க அனுப்பியது நீயா என்று சிங்களத்தில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அது அவருக்குப் போதவில்லை. அப்போது நான் இன்னும் கொடுத்தேன். எங்களிடம் வெளிநாட்டு டைமர் இருக்கிறது, அப்படியான சாமான் வாங்க நான் ஒருவரையும் அனுப்பவில்லை, அவன் வேலை முடிந்து எங்கே போகிறான் என்று நான் கவனிப்பதில்லை. கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். கருகிய டைமர் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. என் முழங்கை அந்த லாச்சியின் மேல் இருந்தது. அவர்கள் வாக்குமூலத்தை எழுதினார்கள், நான் கையெழுத்து வைத்தேன். ஓம் என்று சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பார்களா, அல்லது என்னையும் சேர்த்து ஏற்றியிருப்பார்களா? அதை இன்றுவரை யோசிக்கிறேன் என்று சொன்னால் பொய். அதை யோசிக்காமல் இருக்கத்தான் இவ்வளவு காலமும் உழைத்தேன்.

அவர்கள் போகும்போது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் விளக்கு ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு நிறுத்தியிருக்க வேண்டும். ஓடிப்போய் அறையைத் திறந்தேன். செடிகள் வெளிச்சத்தில் பச்சைப் பசேல் என்று நின்றன. இரண்டரை மணிநேரம் கூடிவிட்டது. இப்போது நிறுத்தினால் அரைகுறை, இரண்டு மாத வேலை குப்பை. நிறுத்தாமல் விட்டால் இதுவே அந்த நீண்ட பகல்.

நான் நிறுத்தவில்லை.

இந்த இடத்தைத்தான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பயத்தில் பொய் சொன்னவனை யாராவது மன்னிப்பார்கள், அந்தக் காலம் அப்படி என்பார்கள். பயம் அரை மணியில் போய்விட்டது, பெருமாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த சட்டத்தரணியிடம் போயிருக்கலாம். பேராசிரியரிடம் போய் அழுதிருக்கலாம். லாச்சியைத் திறந்து அந்தக் கருகிய சாமானை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போயிருக்கலாம். நான் சவர அலகை எடுத்துக் கழுவினேன். ஒரு மணிக்கு முதல் தொகுதி நுனிகளை வெட்டினேன். மூன்று மணிக்கு இரண்டாவது. உன்னைப்போல எனக்கும் அழகாக வெட்ட வருகிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

மூன்றரை மணிபோல உன் மனைவி சரோஜா நிர்மலாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டு கிடந்தது. விறாந்தையில் நின்று வாசல் காவலாளியிடம் என்னைக் கேட்டாள். சார் முக்கியமான வேலையில் நிற்கிறார், நாளைக்கு வரச் சொல் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். கதவின் கண்ணாடியால் பார்த்தேன். ஐந்து மணிக்கு அடுத்த தொகுதி வெட்டும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு போய்விட்டாள். இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்தேன். மறுநாள் விடியவும் வெட்டினேன்.

உன் விஷயத்தில் ஒருவர் ஒழுங்காக நடந்தார். காசிம் நானா யாரும் கூப்பிடாமல் தானாகப் பொலிஸுக்குப் போய், இந்தப் பிள்ளை எத்தனையோ வருஷமாக என்னிடம் இதேபோல சாமான் வாங்குகிறவன் என்று சொன்னார். அவரை ஒருநாள் முழுக்க இருத்தி, கன்னத்தில் இரண்டு அறையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கிழமை கடையில் என்னைக் கண்டபோது அவர் கோபிக்கவில்லை. "நான் உள்ளதச் செல்லிட்டன், தம்பி. நீங்களும் ஒருக்கா போய்ச் செல்லுங்களன்" என்றார். ஓம் நானா, போறன் என்றேன். பல்புக்கு ஒரு ஹோல்டர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ பதினான்கு மாதம் உள்ளே இருந்தாய். கண்டி, கொழும்பு, பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாம். அந்தப் பதினான்கு மாதத்தில் ஆறு மாதம் நான் வெளிநாட்டில். உறைந்த நுனிகளை நானே கொண்டுபோனேன். அங்கே அவற்றில் இருந்து செய்தியைப் பிரித்தெடுத்துப் படத்தாளில் பதித்தோம். முதல் நாள் பகலில் வெட்டிய நுனிகளில் ஒன்றும் இல்லை. இரவு ஏழு மணி நுனியில் இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு மங்கல். மறுநாள் விடியக் காலை நுனியில் நல்ல கறுப்பாக ஒரு கோடு. அரும்பு என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில் மரபணு விழித்துவிட்டது. அங்கே இருந்த பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படித் துப்புரவான கோடு பார்த்ததில்லை என்றார். எல்லாச் செடியும் ஒரே சீராக வளர்ந்திருந்தால்தான் அப்படி வரும். வளர்த்தவன் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு கோட்டில்தான் எனக்குப் பட்டமும் பதவியும் வந்தன. நன்றியுரையில் மின்சாரப் பகுதிக்குக்கூட நன்றி சொன்னேன். உன் பெயரைப் போடவில்லை. தடுப்பில் இருக்கிறவன் பெயரைப் போட்டால் கேள்வி வருமாம்.

குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமல் உன்னை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. சவர அலகைக் கொடுத்துப் பார்த்தேன், நழுவி விழுந்தது. நீ குனிந்து எடுத்து மேசையில் வைத்தாய். உனக்கு வேலை போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சட்டி கழுவுகிற வேலை, தரை கூட்டுகிற வேலை. அப்பாவின் தொழிலுக்கே வந்துவிட்டேன் சார் என்று நீ சொன்னாய். தனியாக இருந்தபோதும் சார்தான். சிறை மனிதனை மாற்றிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. சுவரில் அந்தக் கோட்டின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தேனே, வெளியாட்கள் வந்தால் அதன் முன்னால் நின்று விளக்குவேன். அந்த நேரம் பார்த்து நீ தும்புத்தடியோடு வருவாய். நான் சொல்லி முடிக்கும்வரை நிற்பாய். பிறகு, "அது நல்ல நாள் சார்" என்பாய். அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போய்விடுவாய். விருந்தாளிகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எத்தனை தரம் அப்படிச் சொன்னாய்? ஒவ்வொரு தரமும் அப்பாவித்தனமாகச் சொல்கிறாய் என்றே நினைத்தேன். படித்தவனின் மூளை தனக்கு வேண்டியதை மட்டும் வாசிக்கும்.

இந்த வருஷம் சிறுநீரகம் இரண்டும் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன மச்சான் என்று கேட்டேன். கேட்காத காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாய். ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

இங்கத்தைய புதினம் கேட்கிறாயா? சண்டை திரும்பவும் மூண்டுவிட்டது. குட்ஷெட்டில் திரும்பவும் பையைத் திறக்கிறார்கள். கொழும்பு லொட்ஜுகளில் இருந்து மட்டுமல்ல, கண்டியில் இருந்தும் தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடுகு அறையில் இப்போது கணினிதான் விளக்கைப் போடுகிறது. செடிகள் உன் காலத்தைப்போல இல்லை.

நிர்மலாவுக்கு ஆசிரியை நியமனம் வந்திருக்கிறது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. உங்கள் குடும்பத்தில் அரசாங்கக் கடிதத்தில் மரியாதையாகப் பெயர் எழுதி வந்த முதல் ஆள் அவள். விண்ணப்பத்தில் குடும்பத்தில் யாராவது தடுத்து வைக்கப்பட்டார்களா என்று ஒரு கேள்வி. உன் பிள்ளை உண்மையை எழுதிவிட்டாள். கோப்பைத் தோண்டி எடுத்தார்கள். உன்னை விட்டார்களே தவிர, குற்றமற்றவன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வெடிபொருளுக்கு உதவும் சாதனம் வைத்திருந்தவர் என்று அப்படியே கிடக்கிறது. அது வேலைக்காக வாங்கிய சாமான் என்று வேலைத்தலத்தில் இருந்து உரிய ஆள் எழுதித் தந்தால் யோசிக்கலாம், மாத முடிவுக்குள் தராவிட்டால் நியமனம் அடுத்தவருக்கு என்றிருக்கிறார்கள்.

உன் பதினாறாம் நாள் முடிந்து சரோஜாவும் அவளும் என் வீட்டுக்கு வந்தார்கள். கட்டாயம் தாறன் பிள்ளை என்றேன். இரண்டு நாள் இருந்து எழுதினேன். 'காலஞ்சென்ற பெருமாள் அவர்கள் இருபது வருடங்களுக்கு மேலாக நேர்மையும் கடமையுணர்வும் உடைய ஊழியராக இருந்தார் என்பதையும், அவரது நன்னடத்தையை நான் நேரில் அறிவேன் என்பதையும்' என்று அழகான தமிழ். பல்கலைக்கழக முத்திரை வேறு. வேண்டியது அதில் இல்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன், டைமர் வாங்க ஆள் அனுப்பினேன் என்று கையெழுத்து வைப்பதா? முதல் வாக்குமூலமும் அந்தக் கோப்புக்குள்ளேதானே இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களே. பன்னிரண்டு வருஷம் கழித்தும் அதே பயம், ஒரு நரைமயிர்கூட விழவில்லை அதற்கு.

நிர்மலா என் முன்னால் நின்றபடியே வாசித்தாள். மடித்து மேசையில் வைத்தாள்.

"அப்பா நல்லவருன்னு எங்களுக்குத் தெரியுங்க சார்" என்றாள். "அத வாங்கிட்டு வரச் சொன்னது நீங்கன்னு மட்டும் எழுதுங்க."

அதெல்லாம் பழைய கதை பிள்ளை, அப்போது என்ன நடந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை என்று ஏதோ தொடங்கினேன். சரோஜா அதுவரை வாசலடியில் நின்றவள் உள்ளே வந்தாள். உன் மனைவி என் வீட்டுக் கதிரையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக இருந்தாள். கோபத்தில் சொல்லவில்லை, விலை கேட்கிற குரலில் சொன்னாள்.

"நீங்க எழுதிக் குடுத்தத மொத நாளே அவருக்குப் படிச்சுக் காட்டினாங்க சார். உங்க கையெழுத்தயும் காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் அடிச்சாங்க."

ஏன் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். வெட்கம் கெட்ட கேள்வி. சரோஜா பதில் சொன்னாள்.

"நானும் கேட்டேங்க. அவரு வாயால வரட்டும், நான் கேட்டு வாங்க மாட்டேன்னாரு. வேலைக்குப் போயிட்டு வந்ததும் தெனமும் கேப்பேன், இன்னைக்குச் சொன்னாரான்னு. அப்புறம் கேக்குறத விட்டுட்டேன்."

தினமும் ஏழு மணிக்கு வந்து, தும்புத்தடியை எடுத்து, என் அறையைக் கூட்டி, என் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நீ அதற்காகவா காத்திருந்தாய்? நான் உனக்குச் சம்பள உயர்வுக்கு எழுதினேன், பொங்கலுக்கு வேட்டி வாங்கித் தந்தேன், ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு என் வாயைப் பார்ப்பாயே. நன்றி சொல்ல வார்த்தை வராமல் நிற்கிறாய் என்று நினைத்தேன். என்ன குரூரம் இது, பெருமாள். உன்னுடையதைச் சொல்கிறேன். ஒருநாள் என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேனே. விழுந்திருப்பேனா?

நேற்று நோத்தாரிசிடம் போய்ச் சத்தியக் கடதாசி எழுதினேன். கருகிய டைமர், மூன்றாம் நாள் பின்னேரம், இரண்டு வாங்கு என்று சொன்னது, இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் ஒருதரம் பேனையை வைத்துவிட்டு, யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று கேட்டார். என் மனைவி நேற்றில் இருந்து என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தையும் இன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு மனம் மாறினாலும் திரும்ப வாங்க முடியாமல் இருக்கட்டும் என்றுதான். என்னை எனக்குத் தெரியும்.

இன்றைக்கு அந்தச் சத்தியக் கடதாசியை நிர்மலாவிடம் நீட்டினேன், நீயே கொண்டுபோய்க் கொடு பிள்ளை என்றேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே குடுங்க சார். நான் கூட வாறேன். நீங்க உள்ள போறத நான் பாக்கணும்."

நாளைக் காலை கண்டியில் அந்தக் கடிதத்தைக் கேட்ட அலுவலகத்துக்கு அவளோடு போகிறேன். வாசலில் அவள் நிற்பாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன், அவள் நகரமாட்டாள். பிறந்த இடத்தைக் கேட்பார்கள், சொல்வேன். பெருமாளை அனுப்பியது யார் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்காமலே சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு. இதை நம்பவேண்டும் என்று உன்னைக் கேட்கவில்லை, உன் மகளே நம்பவில்லை.

அவள் மாமா என்று கூப்பிடாத மாமன்,
குணம்